லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆச்சா, பாலிசி முடிஞ்சு போச்சா? கார் இன்சூரன்ஸ் செலவு எகிறாமல் இருக்க என்ன செய்யணும்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆனால் திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த இரண்டு ஊர்கள் வழியாகத்தான் போகிறது. குற்றால சீசன், சபரிமலை சீசன், ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டம் என்று வண்டி நெருக்கம் கூடும் நாட்கள் அதிகம். வாகனச் சோதனையும் அதற்கேற்ப நடக்கும்.

சோதனையில் கார் உரிமையாளர்களுக்கு முக்கியமாக இரண்டு சிக்கல்கள் வரலாம். ஒன்று, குடித்துவிட்டு ஓட்டியதற்கோ அதிவேகத்துக்கோ லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆவது. இன்னொன்று, இன்சூரன்ஸ் பாலிசி எப்போதோ முடிந்துவிட்டது என்பதே போலீஸ் சொல்லித்தான் தெரிய வருவது. இரண்டிலும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: "இனிமே எனக்கு இன்சூரன்ஸ் கொடுப்பாங்களா? கொடுத்தா ரெண்டு மடங்கு கேப்பாங்களா?"

சுருக்கமான பதில்: அபராதம் வாங்கியதால் மட்டும் கட்டாய இன்சூரன்ஸின் விலை ஏறாது. பாலிசியை இடையில் விட்டுவிட்டால்தான் செலவு ஏறும். எப்படி என்று பார்க்கலாம்.

அமெரிக்காவில் எஸ்.ஆர்-22... இங்கே என்ன?

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லி "எஸ்.ஆர்-22" என்ற பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே பல மாநிலங்களில், குடித்துவிட்டு ஓட்டியவர், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டியவர் போன்றோரை 'ரிஸ்க் அதிகம் உள்ளவர்' என்று கருதுவார்கள். அவரிடம் பாலிசி இருக்கிறது என்று இன்சூரன்ஸ் நிறுவனமே அரசுக்குச் சான்று கொடுக்க வேண்டும். அந்தச் சான்றுதான் எஸ்.ஆர்-22. பெரும்பாலும் மூன்று வருஷம் இது தொடரும். அதுவரை பிரீமியமும் அதிகமாகவே இருக்கும்.

இந்தியாவில் அப்படி ஒரு சான்று முறை இல்லை. அதை நோக்கி ஒரு முயற்சி நடந்தது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த பணிக்குழு 2021 ஜனவரியில் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. போக்குவரத்து விதிமீறல்களுக்குப் புள்ளிகள் போட்டு, அதற்கேற்ப தனியாக ஒரு பிரீமியம் வசூலிக்கலாம் என்பது அதன் சாரம். குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான பார்க்கிங்குக்கு 10 புள்ளி என்று பட்டியலும் போட்டார்கள். ஆனால் அது நாடு முழுக்கக் கட்டாய நடைமுறையாக வரவில்லை.

தேர்ட் பார்ட்டி விலை எல்லாருக்கும் ஒன்றுதான்

கார் இன்சூரன்ஸில் இரண்டு பகுதிகள் உண்டு. உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதத்துக்கானது தேர்ட் பார்ட்டி. உங்கள் சொந்த வண்டியின் சேதம், திருட்டு போன்றவற்றுக்கானது ஓன் டேமேஜ், சுருக்கமாக ஓ.டி. மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவின்படி கட்டாயமாக இருக்க வேண்டியது தேர்ட் பார்ட்டி மட்டும்தான்.

இந்தத் தேர்ட் பார்ட்டி கட்டணத்தை இன்சூரன்ஸ் நிறுவனம் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அரசு அறிவிப்பதுதான் விலை. 2022 ஜூன் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி தனியார் கார்களுக்கான ஓராண்டுக் கட்டணம் இது:

1,000 சி.சி. வரை: ரூ.2,094
1,000 முதல் 1,500 சி.சி. வரை: ரூ.3,416
1,500 சி.சி.க்கு மேல்: ரூ.7,897

இதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். மின்சார கார்களுக்குத் தனியாகக் குறைந்த கட்டணம் உண்டு.

ஒருவர் பத்து வருஷமாக ஒரு அபராதம்கூட வாங்காதவர். இன்னொருவர் போன மாதம் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனவர். இரண்டு பேரிடமும் 1,200 சி.சி. கார் இருந்தால் அடிப்படைத் தேர்ட் பார்ட்டி கட்டணம் இரண்டு பேருக்கும் ஒரே தொகைதான். எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அதேதான்.

நிறுவனங்கள் இந்தப் பொறுப்பைத் தட்டிக் கழிக்கவும் முடியாது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் குறைந்தபட்ச அளவுக்குத் தேர்ட் பார்ட்டி பாலிசி எடுத்தே ஆக வேண்டும் என்று 2015-ல் இன்சூரன்ஸ் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்க்கப்பட்டது.

இதில் ஒரு எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. "மூவாயிரம் ரூபா பாலிசியை ஆயிரத்துக்குப் போட்டுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள். தேர்ட் பார்ட்டியில் தள்ளுபடி என்ற பேச்சுக்கே இடமில்லை. அது போலி பாலிசியாக இருக்கலாம். அல்லது காருக்கு பதிலாக டூ வீலர் என்று பதிவு செய்து போட்ட பாலிசியாக இருக்கலாம். விபத்து நடந்த பிறகுதான் அது வெறும் காகிதம் என்று தெரியும்.

அப்போ செலவு எங்கே ஏறுது?

ஓ.டி. பகுதியில்தான். 2007 ஜனவரியில் இருந்து ஓ.டி. விலையை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. எனவே நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறும். இந்த விலையைப் பெரிய அளவில் குறைத்துக் கொடுப்பது 'நோ க்ளைம் போனஸ்'.

ஒரு வருஷம் க்ளைம் எதுவும் வாங்காவிட்டால், அடுத்த வருஷ ஓ.டி. பிரீமியத்தில் 20 சதவீதம் குறையும். தொடர்ந்து இரண்டு வருஷம் என்றால் 25, மூன்று வருஷம் 35, நான்கு வருஷம் 45, ஐந்து வருஷம் 50 சதவீதம். அதற்கு மேல் ஏறாது. இந்தத் தள்ளுபடி ஓ.டி.க்கு மட்டும்தான், தேர்ட் பார்ட்டிக்குக் கிடையாது.

பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பித்தால் இந்த போனஸ் பிழைக்கும். 90 நாள் தாண்டினால் ஐந்து வருஷம் சேர்த்ததும் பூஜ்யம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். போனஸ் கழிக்காமல் ஓ.டி. பிரீமியம் ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீத போனஸ் இருந்தால் கட்ட வேண்டியது ரூ.6,000. போனஸ் போய்விட்டால் முதல் வருஷம் முழு ரூ.12,000. அடுத்த வருஷம் 20 சதவீதம் கழித்து ரூ.9,600. பிறகு ரூ.9,000, ரூ.7,800, ரூ.6,600 என்று இறங்கி, ஆறாவது வருஷம்தான் மறுபடி ரூ.6,000-க்கு வரும்.

இடைப்பட்ட ஐந்து வருஷத்தில் கூடுதலாகப் போனது மொத்தம் ரூ.15,000. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறை அபராதம் ரூ.10,000. பாலிசியை மறந்ததற்கு அதைவிட அதிகமாகச் செலவாகிவிடுகிறது.

'90 நாள் டைம் இருக்கு' என்பது தவறான நம்பிக்கை

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 90 நாள் என்பது போனஸைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும். அந்த நாட்களில் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருப்பதாக அர்த்தம் இல்லை. பாலிசியில் போட்டிருக்கும் கடைசி நாள் நள்ளிரவோடு பாதுகாப்பு முடிந்துவிடும்.

காலையில் விபத்து, மதியம் பாலிசி என்றாலும் பலன் இல்லை. பாலிசியில் தேதி மட்டுமல்ல, தொடங்கும் நேரமும் அச்சாகியிருக்கும். அதற்கு முன்பு நடந்ததற்கு நிறுவனம் பொறுப்பேற்காது.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 196-வது பிரிவின்படி முதல் முறை ரூ.2,000, அடுத்த முறை ரூ.4,000 அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் உண்மையான ஆபத்து இந்த அபராதம் அல்ல.

விபத்து நடந்துவிட்டால்?

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளைத் தீர்ப்பாயம் விசாரிக்கும்போது எப்படிக் கணக்கு போடும் என்று தெரிந்துகொண்டால் ஆபத்தின் அளவு புரியும்.

உதாரணத்துக்கு, மாதம் ரூ.15,000 சம்பளம் வாங்கும் 30 வயது மில் தொழிலாளி. மனைவி, இரண்டு குழந்தைகள். கார் மோதி அவர் இறந்துவிடுகிறார். சுப்ரீம் கோர்ட் 2009-லும் 2017-லும் வகுத்துக் கொடுத்த முறைப்படி கணக்கு இப்படிப் போகும்:

ஆண்டு வருமானம்: ரூ.1,80,000
எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால்: ரூ.2,52,000
அவருடைய சொந்தச் செலவாக மூன்றில் ஒரு பங்கு கழித்தால்: ரூ.1,68,000
30 வயதுக்கான பெருக்கு எண் 17: ரூ.28,56,000

இறுதிச் சடங்குச் செலவு, குடும்பத்தின் இழப்பு போன்றவற்றுக்கான தொகையும் வட்டியும் தனி. கார் ஓட்டியவர் மேல் தவறு என்று முடிவாகி, தேர்ட் பார்ட்டி பாலிசியும் செல்லுபடியாக இருந்தால் இந்தத் தொகையை இன்சூரன்ஸ் நிறுவனம் கட்டும். பாலிசி இல்லாவிட்டால் கார் உரிமையாளர் தலையில் விழும். வீடு, நிலம் ஜப்தி வரை போகலாம்.

1,200 சி.சி. காருக்கு வருஷக் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு சுமார் ரூ.4,031. அந்த 28 லட்சத்தை எட்ட 700 வருஷத்துக்கும் மேல் பிரீமியம் கட்ட வேண்டியிருக்கும். இழந்த குடும்பத்துக்கும் இதில் பாதிப்பு உண்டு. உரிமையாளரிடம் பணம் இல்லை என்றால் தீர்ப்பு கையில் இருந்தும் காசு வராது.

இதனால்தான் 2018-ல் சுப்ரீம் கோர்ட், விபத்தில் சிக்கிய இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை உரிமையாளர் போதிய ஈடு கட்டாமல் விடுவிக்கக் கூடாது என்றும், தேவைப்பட்டால் ஏலம் விட்டு அந்தப் பணத்தை இழப்பீட்டுக்காக வைக்க வேண்டும் என்றும் விதி கொண்டுவரச் சொன்னது.

லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆன நாட்களில் என்ன செய்வது?

குடித்துவிட்டு ஓட்டுவது, அதிவேகம், சிக்னலை மீறுவது, ஓட்டும்போது செல்போன் பேசுவது போன்றவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே அது குற்றம்.

1. பாலிசியை விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் இன்சூரன்ஸ் வண்டியின் பெயரில் இருப்பது. உங்கள் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனாலும் வண்டியின் பாலிசி ரத்தாவதில்லை. "வண்டி சும்மாதானே நிக்குது, அப்புறம் போட்டுக்கலாம்" என்று விட்டால் மேலே சொன்ன 90 நாள் கணக்கில் போனஸ் போய்விடும்.

2. நீங்கள் ஓட்டாதீர்கள். லைசென்ஸ் உள்ள மனைவி, மகன், டிரைவர் யார் ஓட்டினாலும் பாலிசி செல்லும். தகுதி இழந்த காலத்தில் நீங்களே ஓட்டினால் 182-வது பிரிவின்படி ரூ.10,000 அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வண்டி சேதமானால் ஓ.டி. க்ளைம் கிடைக்காது.

3. அடுத்தவருக்கு அடிபட்டால் இன்னும் சிக்கல். பாதிக்கப்பட்டவருக்கு முதலில் இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்ற முறையை 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஏற்றது. அதாவது பாலிசி இருந்தும் கடைசியில் பணம் உங்கள் பையில் இருந்துதான் போகும். குடித்துவிட்டு ஓட்டியதையும் பொறுப்பை மறுக்கும் காரணமாக நிறுவனம் முன்வைக்கலாம் என்று சட்டத் திருத்தம் சொல்கிறது.

4. சஸ்பெண்ட் உத்தரவில் நியாயம் இல்லை என்று நினைத்தால் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் செய்ய வேண்டும். எங்கே, எப்படி என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பாலிசி ஏற்கெனவே முடிந்துவிட்டதா?

முதல் வேலை, வண்டியை எடுக்காதீர்கள். இரண்டாவது, அன்றைக்கே தேர்ட் பார்ட்டி பாலிசியையாவது போடுங்கள். இதற்குப் பொதுவாக வண்டியைப் பார்வையிட வேண்டியதில்லை. ஆன்லைனிலோ அருகில் உள்ள கிளையிலோ முடித்துவிடலாம். பாலிசி எப்போது தொடங்குகிறது என்று தேதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

ஓ.டி.யும் வேண்டும் என்றால் வண்டியை ஆய்வு செய்வார்கள். நிறுவனத்தின் ஆள் நேரில் வரலாம்; செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வதும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் கீறல், ஒடுக்கு எல்லாம் பதிவாகும். அவற்றுக்குப் பிறகு க்ளைம் கேட்க முடியாது.

முதலில் தேர்ட் பார்ட்டி எடுத்துவிட்டு, ஓ.டி.யைத் தனியாக வேறு நிறுவனத்திலும் வாங்கலாம். 2019 செப்டம்பரில் இருந்து இந்த வசதி இருக்கிறது. 90 நாள் முடியவில்லை என்றால் பழைய போனஸையும் கேட்டு வாங்குங்கள்.

செலவைக் குறைக்க 6 வழிகள்

* ஓ.டி. விலையைக் குறைந்தது மூன்று நிறுவனங்களில் கேளுங்கள். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய நான்கு பொதுத்துறை நிறுவனங்களையும் தனியார் நிறுவனங்களையும் ஒப்பிடுங்கள். ஐ.டி.வி. எனப்படும் வண்டி மதிப்பு எல்லாவற்றிலும் ஒரே தொகையாக இருந்தால்தான் ஒப்பீடு சரியாக இருக்கும். மதிப்பைக் குறைத்துக் காட்டி விலையைக் குறைத்தால், வண்டி திருடு போகும்போது கையில் கிடைப்பதும் குறையும்.

* சின்ன க்ளைமுக்குப் போகாதீர்கள். பம்பர் வேலைக்கு ரூ.6,000 ஆகிறது என்றால், 1,500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு ரூ.1,000 போக அதிகபட்சம் ரூ.5,000 கிடைக்கலாம். அதற்காக 50 சதவீத போனஸை இழந்தால் மேலே பார்த்த கணக்கில் ரூ.15,000 போகும்.

* ஓரளவு சேதத்தை நானே ஏற்கிறேன் என்று 'வாலண்டரி டிடக்டபிள்' எடுத்தால் பிரீமியம் குறையும். கையில் அவசரத்துக்குக் கொஞ்சம் பணம் இருப்பவர்களுக்கு இது சரி.

* வண்டி பழையதாகிவிட்டால் 'பம்பர் டு பம்பர்' போன்ற கூடுதல் கவர் தேவையா என்று யோசியுங்கள். மாதத்தில் நாலு நாள்தான் கார் எடுக்கிறீர்கள் என்றால், ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்ப ஓ.டி. விலை வைக்கும் பாலிசிகளைக் கேளுங்கள். 2022 ஜூலையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இவற்றை அனுமதித்தது.

* உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே வேறு பாலிசியில் இருந்தால், அதைக் காட்டி இரண்டாம் முறை கட்டுவதைத் தவிர்க்கலாம்.

* காரை விற்றாலும் போனஸை விற்காதீர்கள். நோ க்ளைம் போனஸ் வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். விற்கும்போது நிறுவனத்திடம் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம்.

இதையெல்லாம் செய்யாதீங்க

போன வருஷம் க்ளைம் வாங்கிவிட்டு, வேறு நிறுவனத்துக்குப் போகும்போது "க்ளைம் எதுவும் இல்ல" என்று சொல்லி போனஸ் கேட்பவர்கள் உண்டு. புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் சரிபார்க்கும். பொய் என்று தெரிந்தால் ஓ.டி. க்ளைம் வேண்டிய நேரத்தில் கை விரித்துவிடும்.

அதேபோல, வெள்ளை போர்டு காரை குற்றாலத்துக்கும் சபரிமலைக்கும் வாடகைக்கு விடுவது. சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைப் பயணம் சேராது. நடுவழியில் ஏதாவது நடந்தால் பாலிசி இருந்தும் இல்லாத கதைதான்.

புகார் எங்கே கொடுக்கலாம்?

க்ளைமை மறுத்தாலோ இழுத்தடித்தாலோ முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். சரியான பதில் வராவிட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்தில் பதியலாம்; 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பேசலாம். அடுத்து, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் இவர் விசாரிப்பது பாலிசிதாரருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பிரச்சினையை மட்டும். விபத்தில் பாதிக்கப்பட்டவரின் இழப்பீட்டு வழக்கு தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும்.

இப்போதே ஒன்று செய்யலாம். எம்பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று காட்டும். கையில் இருக்கும் பாலிசியில் உள்ள தேதியோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தேதி முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால், விலை கேட்கும் வேலையை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.